உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்: பயன்படுத்திப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

தர்மபுரியில் ஒரு வாஷிங் மெஷின் நன்றாகத் துவைக்கிறதா என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கடையில் விற்பனையாளர் அடுக்கும் சிறப்புகளும் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளும் பெரும்பாலும் உப்பில்லாத தண்ணீரை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. எங்கள் வீட்டில் ஹீட்டருடன் கூடிய 7 கிலோ ஃப்ரண்ட் லோடு மெஷின் ஒன்று கோடை, மழை, மார்கழிக் குளிர் எல்லாவற்றையும் கடந்து ஓடிக்கொண்டிருக்கிறது; இந்த மாவட்டத்துத் தண்ணீரில் அது எதைச் சாதித்தது, எதில் தடுமாறியது என்பதை வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி, யார் தயாரித்ததாக இருந்தாலும் இந்த வகை மெஷின் எதற்கும் பொருந்தும்.

எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் புழங்குகிறது. ஒன்று, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாக வரும் காவிரித் தண்ணீர். அதைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறோம். மற்றது போர் தண்ணீர். குளிப்பது, பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது எல்லாம் அதில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் என்றதும் எல்லோருக்கும் ஃபுளோரைடுதான் நினைவுக்கு வரும், ஜப்பான் நிதியுதவியோடு அந்தத் திட்டம் கொண்டுவரப்பட்டதும் அதற்காகத்தான். ஆனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடுக்கும் வேட்டியின் வெளுப்புக்கும் தொடர்பு கிடையாது. துணிக்குப் பகை, தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான். குடிநீருக்கான இந்தியத் தர அளவான ஐ.எஸ். 10500, அவற்றின் அளவைக் குறிக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. மெஷின் வாங்கியபின் எங்கள் போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அது அந்த மேல் எல்லையை ஒட்டி நின்றது.

அந்தக் கால்சியம் என்ன செய்கிறது என்பதைத் துணி சோப்புப் போட்டவர்கள் எல்லோரும் கையாலேயே உணர்ந்திருப்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழாது, பக்கெட்டின் ஓரத்தில் வெள்ளைப் பிசுக்கு ஒதுங்கும், அலசி முடித்த துணியிலும் ஒரு வழவழப்பு நிற்கும். சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கசடாக மாறிவிடுவதால், அழுக்கை எடுக்க வேண்டிய சோப்பே துணியில் படியும் அழுக்காகிறது. பவுடரிலும் லிக்விடிலும் உள்ள செயற்கைச் சலவைப்பொருள்கள் அப்படிக் கசடாவதில்லை என்றாலும், அவற்றிலும் ஒரு பகுதி கால்சியத்தைச் சமாளிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. அதற்காகத்தான் நல்ல பவுடர்களில் சலவைச் சோடா, ஜியோலைட் போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை முன்னால் சென்று கால்சியத்தைக் கட்டிப்போட்ட பிறகே மற்றது தன் வேலையைச் செய்ய முடியும். ஆகவே மென்னீருக்கென்று பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவை இந்த ஊரில் அப்படியே போட்டால் அது போதாது. எங்கள் மெஷினில் பவுடரின் அளவை அரைப் பங்கு கூட்டிய பிறகுதான் பள்ளிச் சீருடையின் காலர் ஒரே சலவையில் தெளிந்தது.

அழுக்கு எப்படிப் போகிறது என்பதற்கு, ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1959இல் ஒரு வட்டம் வரைந்து காட்டினார். சலவைப்பொருள், வெப்பம், அசைவு, நேரம் ஆகிய நான்கும் அந்த வட்டத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டியாக வேண்டும். துவைக்கிற கல்லில் அடித்துத் துவைத்தபோது அசைவு மிகுதியாக இருந்தது, அதனால் நேரம் குறைவாகப் போதுமானதாயிற்று. ஃப்ரண்ட் லோடு மெஷின் தண்ணீரையும் உராய்வையும் குறைத்துவிட்டு, வெப்பத்தாலும் நேரத்தாலும் அதை ஈடுகட்டுகிறது. ஒரு முறை துவைக்க இரண்டரை மணி நேரமா என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காத நாளில்லை. அந்த நேரம் வீணாகிற நேரம் அல்ல. பருத்தித் துணிக்கான ஓட்டத்தின் பெரும்பகுதி, ஊறவைத்துத் திருப்பிப் போடுவதற்கே செலவாகிறது. 15 நிமிட ஓட்டம் ஒன்றும் இதில் இருக்கிறது. ஒரு மாலை மட்டும் உடுத்திய, அழுக்கேறாத இரண்டு மூன்று துணிகளின் வியர்வை வாடையைப் போக்க அது உதவும். வயலுக்குப் போய்வந்த கைலியை அதில் போட்டு எடுத்துவிட்டு மெஷின் சரியில்லை என்று குறைகூறுவது நியாயமாகாது.

டிரம்மின் அசைவை நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். துவைக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்றுகள் மட்டுமே சுற்றுகிறது. உள்ளே உள்ள துடுப்புகள் துணியை மேலே தூக்கிச் செல்ல, உச்சியை அடையும் முன்பே துணி தன் எடையால் கீழே தண்ணீரில் விழுகிறது. அரை மீட்டரை ஒட்டிய விட்டமுள்ள டிரம்மை 60 சுற்றுக்கு மேல் வேகமாகச் சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாமலே போய்விடும், விழாத துணி வெளுக்காது. டிரம்மை வாய்வரை அடைத்தாலும் இதே கதிதான், விழ இடமில்லாமல் துணி ஒரே பொதியாகச் சுற்றும். 7 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை என்றாலும், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு 5 கிலோ அளவில் நிறுத்திக்கொண்டால்தான் காலரும் முழங்கைப் பகுதியும் ஒழுங்காக வெளுக்கின்றன.

நுரை பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நுரை பொங்கினால்தான் துணி வெளுக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. ஃப்ரண்ட் லோடு மெஷினில் நுரை மெத்தையாகி, விழும் துணியைத் தாங்கிக்கொள்கிறது. அடி படாத துணியிலிருந்து அழுக்கு விடுபடாது. கையால் துவைப்பதற்கான பவுடரை எங்கள் வீட்டில் ஒரு முறை போட்டபோது, கண்ணாடிக் கதவு முழுவதும் நுரை அப்பிக்கொண்டு, அதைக் கரைக்க மெஷின் தானாகவே அலசல்களைக் கூட்டிக்கொண்டு, கடைசியில் தண்ணீரும் நேரமும் இரட்டிப்பாயின. நுரை குறைவாக எழும்படி தயாரிக்கப்பட்ட ஃப்ரண்ட் லோடு பவுடர் விலை கூடுதல்தான், ஆனாலும் அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை.

இந்த மெஷினில் நான் மனமாரப் பாராட்டுவது ஹீட்டரை. நம் வீட்டுத் தலையணை உறைகளிலும் துண்டுகளிலும் சேர்வது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய். அது ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை மாத விடியற்காலையில் மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடக் குளிர்ந்து கிடக்கிறது. உறைந்த எண்ணெயைப் பவுடர் எவ்வளவு முயன்றாலும் எளிதில் பெயர்க்க முடியாது. முன்பு குளிர்காலத்தில் தலையணை உறைகள் மஞ்சள் பூத்து, காய்ந்த பிறகும் சிக்கு வாடை வீசும்; 40 டிகிரியில் துவைக்கத் தொடங்கியதும் அந்த வாடை அடியோடு போயிற்று. பவுடரில் சேர்க்கும் நொதிகளும் வெதுவெதுப்பில்தான் நன்றாக வேலை செய்கின்றன. குழம்பிலுள்ள மாவுப்பொருளையும், வியர்வை, பால் போன்றவற்றின் புரதத்தையும், எண்ணெயையும் துண்டாடுவது அவைதான். 60 டிகிரிக்கு மேல் போனால் அவற்றில் பெரும்பாலானவை செயலிழந்துவிடும் என்பதால், சூடு கூடக்கூட வெளுப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். இரத்தக் கறை பட்ட துணியை மட்டும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட வேண்டும். சூடு பட்டால் அந்தப் புரதம் நூலோடு இறுகிவிடும்.

கரண்ட் பில் எகிறிவிடுமே என்று தயங்குகிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். துவைக்கும் கட்டத்தில் டிரம்மில் நிற்கும் தண்ணீர் 15 லிட்டர் என்று கொண்டால், அதை 25 டிகிரியிலிருந்து 40க்குக் கொண்டுபோக கால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவும், 60க்குக் கொண்டுபோக 0.6 யூனிட்டும் ஆகும். மோட்டாரின் செலவு இதைவிடக் குறைவு. வாரத்தில் மூன்று நான்கு முறை 40 டிகிரியில் ஓட்டுவதால் இரண்டு மாத பில்லில் பெரிய மாற்றம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. 60 டிகிரியைப் படுக்கை விரிப்புக்கும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து தேறிய பின் அவர்கள் துணிக்கும் மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்க் கறைகளில் இது தோற்றுப்போன இடங்களும் உண்டு. காரிமங்கலம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. மாங்காய் பறிக்கும் காலத்தில் காம்பு ஒடிந்த இடத்திலிருந்து பீறிடும் பால் சட்டையில் தெறித்தால், முதலில் கண்ணுக்கே தெரியாது; காற்றுப் படப்பட அது பழுப்பாகிக் கருத்து, துணியில் பிசின் போல் உறைந்துவிடும். 40 டிகிரி, 60 டிகிரி, நொதிப் பவுடர் என எதற்கும் அது அசையவில்லை. தண்ணீரில் கரையாத எண்ணெயும் பிசினும் கலந்தது மாம்பால் என்பதால், உலரும் முன்பே அந்த இடத்தில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து இளக்கி, பாத்திரம் துலக்கும் லிக்விடால் கழுவிவிட்டு மெஷினில் போட்டால் கறை மங்குகிறது, முழுக்கப் போவதில்லை. தோப்புச் சட்டை என்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே எங்கள் அத்தையின் வழி, அதைவிடச் சிறந்த வழி எனக்கும் தென்படவில்லை.

செம்மண் கறை வேறு விதமானது. அது கரைகிற பொருளே அல்ல, இரும்பு ஆக்சைடு பூசிய நுண்ணிய களித்துகள். அதை நிறமிழக்கச் செய்ய முடியாது, பெயர்த்து எடுக்கத்தான் முடியும் என்பதால் பிளீச்சிங் பவுடரால் பயனில்லை. ஈரத்தோடு மெஷினில் போட்டால் மண் சேறாகி மற்ற துணிகளின் நூலுக்குள்ளும் இறங்கும். நன்றாகக் காயவிட்டு, உதறி, பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தனியாக ஒரு பக்கெட்டில் ஊறவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிய பின் மெஷினில் போட்டால் பிள்ளைகளின் விளையாட்டு உடைகூடத் தெளிகிறது. மஞ்சள் கறையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பவுடரின் காரத்தன்மை பட்டதும் அது சிவந்து, கறை பெரிதாகிவிட்டதோ என்று கலங்கவைக்கும். அலசி முடிந்ததும் மீண்டும் மஞ்சளாகும். அதன்பின் வெயிலில் விரித்தால் சூரிய ஒளியே அந்த நிறத்தைச் சிதைத்துவிடும். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு பகல் போதும். கடையில் மஞ்சள் கறைக்கென்று விற்கும் தனி மருந்துகளுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது இந்த மெஷினின் மிகப் பெரிய குறைக்கு வருகிறேன்: அலசல். கழிவு நீர்க் குழாயை 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் விட்டுப் பார்த்தோம். ஒரு முழு ஓட்டத்தின் தண்ணீர் கால் பங்கைச் சற்றுத் தாண்டி நின்றது. போரில் தண்ணீர் இறங்கும் சித்திரை, வைகாசியில் இது பெரிய வரம். ஆனால் உப்புத் தண்ணீரில், அதுவும் குறைந்த அளவில் அலசும்போது, பவுடரின் மிச்சமும் சோடாவோடு சேர்ந்த கால்சியமும் முழுமையாக வெளியேறுவதில்லை. கறுப்புப் பேன்ட்டிலும் நீலச் சீருடையிலும் மடிப்புகளின் ஓரமாக வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. துண்டு காய்ந்ததும் வறட்டி போல விறைத்து நிற்கிறது, முகம் துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாமல் உராய்கிறது. வெள்ளை வேட்டி வெளுப்பை இழந்து சாம்பல் பூப்பதும் இதனால்தான். துணியிலிருந்து கிளம்பிய அழுக்கைத் தண்ணீரில் மிதக்கவைக்கப் போதிய சலவைப்பொருள் இல்லாதபோது, அது வெள்ளைத் துணியைத் தேடிப்போய்த் திரும்பவும் படிகிறது. பவுடர்களில் உள்ள ஒளிரூட்டிகள் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பி அந்தச் சாம்பலைக் கொஞ்ச நாள் மறைக்கும். நாம் போடும் சொட்டு நீலமும் கண்ணுக்கு அப்படி ஒரு மறைப்புதான். படிந்தது படிந்தபடியே இருக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட தீர்வுகள் எளிமையானவை. கூடுதல் அலசலுக்கான பொத்தானை எப்போதும் அழுத்துகிறோம். தண்ணீர் பத்து லிட்டருக்கு மேல் கூடுகிறது, ஆனால் வெள்ளைக் கோடுகள் பெருமளவு குறைந்துவிட்டன. துண்டுகளுக்குக் கம்ஃபர்ட் போன்ற திரவங்களை ஊற்றுவதை நிறுத்திவிட்டோம். அவை நூலின்மேல் வழவழப்பான படலம் பூசி மென்மையைத் தருகின்றன, அதே படலம் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடுகிறது. அந்தத் திரவத்துக்காக மெஷினில் உள்ள சிறு அறையில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், கடைசி அலசலில் மீந்திருக்கும் காரத்தையும் சுண்ணாம்பையும் அது கரைத்துக்கொண்டு போகிறது. துண்டில் தெரிந்த மாற்றம் எங்களுக்கே வியப்பாக இருந்தது. பிளீச் போட்ட துணியோடு மட்டும் எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

பிழிவதில் குறையில்லை. 1200 சுற்று வேகத்தில் துணியின்மேல் விழும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 390 மடங்கு. மழைநாளில் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டாலும் மறுநாள் காலையில் சீருடை தயாராக இருக்கும். செமி ஆட்டோமேட்டிக்கின் டிரையர் 1300, 1400 சுற்று சுற்றுகிறதே, அதுதானே நன்றாகப் பிழியும் என்று கடைகளில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தொட்டியின் விட்டம் ஏறத்தாழ பாதிதான் என்பதால், சுற்று கூடுதலாக இருந்தும் விசை குறைவாகவே கிடைக்கிறது. ஒற்றைப் போர்வையையோ ஜமக்காளத்தையோ தனியாகப் போட்டால் ஃப்ரண்ட் லோடு தடுமாறும். ஈரப் போர்வை ஒரு பக்கமாகக் குவிந்துகொள்ள, எடை சமனாகாமல் மெஷின் நின்று நின்று முயன்று, கடைசியில் சொட்டச்சொட்ட விட்டுவிடும். இரண்டு துண்டுகளைத் துணைக்குப் போட்டால் சரியாகிவிடும். கீழே தரை மட்டமாக இல்லையென்றாலும் இதே தொல்லைதான். நான்கு கால்களையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திருகிக்கொள்ள வேண்டும்.

தோப்பு வீட்டில் அத்தை பல வருடங்களாக வைத்திருக்கும் செமி ஆட்டோமேட்டிக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாக இருக்காது. அதற்குக் குழாய் அழுத்தம் தேவையில்லை, பக்கெட்டில் எந்தத் தண்ணீரையும் ஊற்றலாம். அத்தை மழைக்காலத்தில் ஓட்டுக்கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, மாமாவின் வேட்டிகளை அதில்தான் துவைக்கிறார். மழைநீரில் கால்சியம் இல்லாததால் பாதிப் பவுடரிலேயே நுரை பொங்குகிறது. அந்த வேட்டிகளின் வெளுப்பை என் மெஷின் ஒரு நாளும் எட்டியதில்லை. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு சாயம் போகாத நிறத் துணிகள், கடைசியாக மிதியடி என்று வரிசையாகத் துவைத்து எடுக்கிறார். “கண்ணு, உன் மெஷின் தண்ணிய மிச்சம் பண்ணுது, என்னுது நான் சொல்ற தண்ணில துவைக்குது” என்று அவர் சொன்னதில் முழு உண்மை இருக்கிறது. விலையும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஈரத் துணியை ஒரு தொட்டியிலிருந்து மற்றதற்கு அள்ளிப் போட வேண்டும், பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது ஒத்துவராது. டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. குனியும் சிரமம் இல்லை, ஆனால் ஒரு ஓட்டத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும் அதைப் போரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹீட்டரைப் பாராட்டினேன்; அதைப் பற்றிய குறையையும் சொல்ல வேண்டும், எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான். கடின நீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து சுண்ணாம்பாக மாறி, சூடான உலோகத்தின்மேல் படிகிறது. வாரண்டி ஓராண்டைத் தாண்டிய சில வாரங்களிலேயே தண்ணீர் சூடாவது நின்றுபோனது. பழுது பார்க்க வந்த தம்பி பின்பக்கத் தகட்டைக் கழற்றி ஹீட்டர் கம்பியை வெளியே எடுத்துக் காட்டினார்; விரல் பருமனுக்குப் பழுப்பு வெள்ளைப் பூச்சு, நகத்தால் சுரண்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்தது, கம்பியோ ஓரிடத்தில் வெடித்திருந்தது. புதிய ஹீட்டருக்கும் கூலிக்குமாக நாங்கள் பணம் கட்டினோம். எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் கடின நீர் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது, விற்ற கடையில் ஒரு சொல்லும் இல்லை. மாறாக, வாங்கிய அன்று “இதை மாட்டினால் உப்பே வராது” என்று சொல்லி, குழாயில் பொருத்தும் சிறிய ஃபில்டர் ஒன்றை விற்றார்கள். அதற்குள் இருப்பது பாஸ்பேட் உருண்டைகள். அவை சுண்ணாம்பு படிவதை ஓரளவு தள்ளிப்போடுமே தவிர, தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. உருண்டைகள் கரைந்து தீர்ந்தபின் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, அதை மாற்ற வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. தண்ணீரை மெய்யாகவே மென்மையாக்க, ரெசின் நிரப்பிய, கல்லுப்பு போட்டுப் புதுப்பிக்கும் பெரிய சாஃப்ட்னர் வேண்டும். வீட்டுக்கே பொதுவாக அதைப் போடுகிற வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதிக் குறைகள் பொருந்தாது.

இப்போது மாதம் ஒருமுறை, துணி இல்லாமல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட்டை டிரம்மில் போட்டு 60 டிகிரியில் ஓட்டுகிறோம். மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். நிறுவனத்தின் பெயரோடு விற்கும் சுத்திகரிப்புப் பாக்கெட்டுகள் சிலவற்றின் பின்புறத்தைப் படித்தால் முதன்மையான பொருளாக இதுவேதான் இருக்கும். அதை ஓட்டும்போது வெளியேறும் தண்ணீரில் வெள்ளைத் துகள்கள் மிதப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிறிய தொல்லைகள் சிலவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். மாடித் தொட்டி மெஷினுக்கு மூன்று மீட்டர் மேலேயாவது இருக்க வேண்டும். மாடி வீட்டிலேயே மெஷினை வைப்பவர்களுக்கு அழுத்தம் போதாமல், தண்ணீர் வரவில்லை என்று மெஷின் நின்றுவிடும். போர் மணல் உள்ளே வரும் குழாயின் வலையில் அடைத்தாலும் அதே அறிவிப்புத்தான் வரும், ஆளைக் கூப்பிடும் முன் குழாயைக் கழற்றி வலையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. கதவு ரப்பரின் மடிப்பில் தண்ணீரும் நூலும் தங்கிப் பூசணம் பிடிக்கும், முடிந்ததும் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தால் அது வராது. சட்டைப் பையில் மறந்த பஸ் டிக்கெட், கறுப்புத் துணி முழுவதும் வெள்ளைத் துணுக்காக ஒட்டிக்கொள்வதற்கு மட்டும் எந்த மெஷினிலும் மருந்து இல்லை.

துவைக்கும் திறனுக்கும் தண்ணீர்ச் சிக்கனத்துக்கும் ஐந்துக்கு நான்கரை தருவேன், அலசலுக்கு மூன்று, விற்பனைக்குப் பிந்தைய நேர்மைக்கு ஒன்றரைக்கு மேல் தர மனம் வரவில்லை. பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் உள்ள, நாள்தோறும் துணி சேரும் வீட்டுக்கு இதை வாங்கச் சொல்வேன். மழைநீர்த் தொட்டியும் பக்கத்தில் நிற்க நேரமும் உள்ள வீட்டில் செமி ஆட்டோமேட்டிக்கே போதும். ஃப்ரண்ட் லோடு என்று முடிவு செய்துவிட்டால், மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்று கடையில் சொல்லும்போது, ஹீட்டருக்கும் கதவு ரப்பருக்கும் எத்தனை வருடம், சுண்ணாம்பு படிந்து கெட்டால் ஏற்றுக்கொள்வார்களா, பழுது பார்க்கும் ஆள் தர்மபுரியிலேயே இருக்கிறாரா அல்லது சேலத்திலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை பில்லின் பின்புறத்தில் எழுதிக் கடை முத்திரை வைக்கச் சொல்லி, அதன் பிறகு பணத்தைக் கட்டுங்கள்.